டே பாலத்தின் வீழ்ச்சியும் ஹென்றி நோபிளின் சாட்சியமும்

1879 டிசம்பர் 28, ஞாயிறு இரவு ஏழேகால் மணியளவில், ஸ்காட்லாந்தின் டே முகத்துவாரத்தைக் கடந்து டண்டீ நோக்கிச் சென்ற வண்டியோடு அந்த இரயில் பாலத்தின் நடுப்பகுதி ஆற்றில் விழுந்தது. பதின்மூன்று உயர் கர்டர்களும் அவற்றைத் தாங்கிய பன்னிரண்டு இரும்புக் கால்களும் போயின. வண்டியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. இறந்தோர் எண்ணிக்கைகூட இன்றுவரை ஒரே எண்ணாக நிலைபெறவில்லை. பாலத்துக்கு முந்தைய செயின்ட் ஃபோர்ட் நிலையத்தில் திரட்டிய பயணச்சீட்டுகளைக் கொண்டு போட்ட கணக்கு 75 என்கிறது. பெயர் உறுதியானவர்கள் 59 பேர். ஆற்றங்கரை நினைவுக்கற்களில் உள்ளவை அந்த 59 பெயர்களே.

விபத்தின் காரணத்தை ஆராய்ந்த நீதிமன்றத்தில் மூவர் இருந்தனர்: கப்பல் சேத விசாரணை ஆணையர் ஹென்றி ராத்தரி, இரயில்வே தலைமை ஆய்வாளர் கர்னல் யோலண்ட், பொறியாளர் வில்லியம் ஹென்றி பார்லோ. 1880இல் இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. கால்களின் குறுக்குக் கம்பிகளும் அவற்றின் பிணைப்புகளும் புயலின் விசையைத் தாங்கப் போதவில்லை என்பது யோலண்ட், பார்லோ இருவரின் முடிவு. ராத்தரி தனி அறிக்கையில் ஒரு படி மேலே போய், வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூன்றும் மோசம் என்றும், மூன்றுக்கும் பெரும்பொறுப்பு பாலத்தின் பொறியாளர் சர் தாமஸ் பௌச்சுடையது என்றும் எழுதினார். பௌச் அந்த ஆண்டு அக்டோபரிலேயே இறந்துவிட்டார்.

காற்றை முதன்மைக் காரணமாகக் கொண்ட இந்த விளக்கத்தை வலுவாக மறுத்தவர் பீட்டர் லூயிஸ். 2004இல் வந்த தம் நூலிலும் அதற்கு முந்தைய கட்டுரையிலும், விபத்துக்குப் பின் விசாரணைக்காக எடுக்கப்பட்ட டண்டீ ஒளிப்படங்களை நுண்ணிய அளவில் பெரிதாக்கிப் பார்த்து, கம்பிகளைத் தூண்களோடு பிணைத்த வார்ப்பிரும்புக் காதுகள் உலோகச் சோர்வால் விரிசல் கண்டிருந்தன என்று வாதிட்டார். வண்டிகள் கடக்கும்போதெல்லாம் உயர் கர்டர்கள் பக்கவாட்டில் ஆடின. அந்த ஆட்டம் காதுகளை மாதக்கணக்கில் தின்றது. டிசம்பர் புயல் கடைசித் தள்ளலை மட்டுமே தந்தது என்பது அவர் கூற்று. 1877 பிப்ரவரியில் கட்டுமானத்தின்போது காற்றில் விழுந்து, மீட்டு நிமிர்த்தி மீண்டும் வைத்த ஒரு கர்டரால் தண்டவாளத்தில் ஏற்பட்ட கோணலே ஆட்டத்தைத் தூண்டியது என்றும் அவர் சேர்த்தார். ஈர்ப்பான விளக்கம்தான். கடைசிப் பெட்டி தடம்புரண்டு கர்டரை மோதியது என்ற பௌச் தரப்பு வாதத்தை அவர் தள்ளியது சரியே. காதுகளின் பக்கம் கவனத்தைத் திருப்பியதற்கும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் சோர்வு என்ற முடிவு சாட்சியங்களோடு பொருந்தவில்லை என்று கருதுகிறேன். குறிப்பாக ஒரு சாட்சியத்தோடு: பாலத்தின் கண்காணிப்பாளர் ஹென்றி நோபிள் விசாரணையில் சொன்னதோடு.

அதைப் படிக்கும் முன் பிணைப்பின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு காலும் ஆறு வார்ப்பிரும்புத் தூண்களால் ஆனது. தூண்களை வார்க்கும்போதே காதுகளும் அவற்றோடு சேர்த்து வார்க்கப்பட்டன. அந்தக் காதுகளில் போல்ட் பூட்டி, குறுக்கே ஓடும் தேனிரும்புக் கம்பிகளை மாட்டினர். கம்பியை விறைப்பாக்க ஓர் ஆப்பை அடித்து இறுக்குவர். காதுகளின் துளைகளைத் துளைக்கருவியால் இடவில்லை, வார்ப்பிலேயே விட்டுவிட்டனர். அதனால் துளைகள் ஒருபக்கம் அகன்று மறுபக்கம் குறுகிச் சரிந்திருந்தன; போல்ட் துளையின் முழு உடலிலும் படியாமல் ஓர் ஓரத்தில் மட்டும் அழுந்தியது. லண்டனில் டேவிட் கிர்கால்டி செய்த சோதனையில் 60 டன் தாங்கவேண்டிய காதுகள் சுமார் 20 டன்னிலேயே உடைந்தன. தூண்களை வார்த்த வார்மிட் வார்ப்பாலையின் தரம் பற்றிய கதை பலருக்கும் தெரியும்: வார்ப்பில் விழுந்த குழிகளை தேன்மெழுகும் பிசினும் இரும்புத்தூளும் புகைக்கரியும் கலந்த பூச்சால் அடைத்தார்கள். அதை இங்கே நீட்டத் தேவையில்லை.

நோபிள் கட்டடக்கலையில் கொத்து வேலை வழி வந்தவர். இரும்பு வேலை அவர் துறையன்று. அடித்தளத்தை ஆறு அரிக்கிறதா என்று பார்ப்பதே அவருடைய முதல் கவலை. 1878 அக்டோபரில் பாலத்தைச் சுற்றிப் பார்க்கையில் சில குறுக்குக் கம்பிகள் சடசடப்பதைக் கேட்டார். ஆப்பு போதிய அளவில் இல்லை, தொடக்கத்திலேயே சரியாக அடித்து இறுக்கவில்லை என்று அவர் கருதினார். ஆப்பை முழுதும் உள்ளே அடித்தாலும் கம்பி விறைக்காத இடங்களில் இரும்புத் துண்டுகளை இடையே செருகி இறுக்கினார். பௌச்சிடம் இதைச் சொல்லவில்லை. தூண்களில் நான்கு இடங்களில் கண்ட விரிசல்களை மட்டும் சொன்னார். அவற்றுக்கு இரும்பு வளையம் போட்டனர்.

இனி எண்கள். பாலம் முழுவதும் இத்தகைய பிணைப்புகள் 4,000க்கும் மேல். நோபிள் இறுக்கியது ஏறத்தாழ 100. அவற்றில் பெரும்பாலானவை 1878 அக்டோபர், நவம்பர் மாதங்களில். 1879 டிசம்பரில் செய்த கடைசிச் சோதனையில் கவனிக்கவேண்டியிருந்தவை இரண்டே இரண்டு கம்பிகள். இரண்டும் உயர் கர்டர்களுக்கு வடக்கே இருந்த கால்களில். விரிசல் கண்ட நான்கு தூண்களிலும் உயர் கர்டர்களுக்குக் கீழ் இருந்தது ஒன்று, மற்ற மூன்றும் வடக்கே.

சோர்வு வாதத்தை நான் ஏற்காததற்கு இந்தப் பரவலே முதற்காரணம். வண்டிகளின் ஆட்டத்தால் காதுகள் மெல்ல மெல்ல உடைந்தன என்றால், தளர்ச்சி காலத்தோடு கூட வேண்டும். உயர் கர்டர்களின் கால்களில் மிகுதியாகத் தெரிய வேண்டும். நோபிள் தரும் வரைபடம் இதற்கு நேர்மாறு: முதலில் நிறைய, பிறகு சொற்பம், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் வேறெங்கோ. புதுச் செருப்பு முதல் வாரத்தில் இளகி, பிறகு அப்படியே நின்றுவிடுவதுபோல, சரிவான துளைகளின் ஓரம் போல்ட்டின் அழுத்தத்தில் நசுங்கி ஒருமுறை இடம் பிடித்தது. அந்தத் தொடக்க இளக்கமே அக்டோபரில் சடசடத்தது என்று நான் கொள்கிறேன். துளைகளின் வடிவமும் இதையே எதிர்பார்க்க வைக்கிறது.

மறுதரப்பு வலுவற்றதல்ல. நோபிள் கேட்டது அக்டோபரில். கம்பிகள் தளர்ந்தது எப்போது என்பதற்கு அந்தத் தேதி சான்றாகாது. பாலம் 1878 ஜூன் 1 அன்று பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தது. தளர்ச்சி ஜூனிலா, செப்டம்பரிலா, பொதுப் போக்குவரத்து தொடங்காத அந்த ஆண்டின் தொடக்கக் குளிர்காலத்திலா என்பதை எந்தச் சாட்சியமும் தீர்க்கவில்லை. முந்தைய புயல்களிலேயே பிணைப்புகள் வலுவிழந்திருக்கலாம் என்று யோலண்டும் பார்லோவும் கருதியதை நான் எளிதில் தள்ளிவிட முடியாது. இரண்டாவது ஐயம் இன்னும் கூர்மையானது: விரிசல் விட்டும் உடையாத காது சடசடக்காது. கம்பி விறைப்பாகவே நிற்கும். ஆகவே நோபிளின் மௌனம் விரிசல் இல்லை என்பதற்குச் சான்றாகாது. எட்டக்கூடிய கால்களையே அவர் அடிக்கடி பார்த்தாரா என்ற கேள்வியும் எழும். இவ்வளவும் ஒப்புக்கொண்ட பின்பும் ஒன்று எஞ்சுகிறது. ஆயிரக்கணக்கான காதுகளில் பரவலாகச் சோர்வு ஏறியிருந்தால், அவற்றில் சிலவேனும் 1879 டிசம்பர் 28க்கு முன் முற்றிலும் உடைந்திருக்க வேண்டும்; உடைந்த காதின் கம்பி தொங்கும். தொங்கிய கம்பி எதையும் நோபிள் சொல்லவில்லை. 1879 கோடையில் பாலத்துக்கு வர்ணம் அடித்தவர்கள் வண்டி போகும்போது ஏற்பட்ட ஆட்டத்தைச் சொன்னார்கள்; காது உடைந்ததைச் சொல்லவில்லை.

ஆட்டத்தைப் பற்றிய சாட்சியங்களை லூயிஸ் விரிவாகப் பயன்படுத்துகிறார். டண்டீயின் முன்னாள் நகரத் தலைவர் வில்லியம் ராபர்ட்சன் பயணத்தின்போதே வண்டியின் வேகத்தை அளந்தார். அனுமதித்த 25 மைலுக்கு மாறாக 40 மைலுக்கு மேல் ஓடியது கண்டு முறையிட்டார். ஆட்டம் உண்டு, வேகமும் உண்டு. ஆனால் ஆட்டத்தை உணர்ந்தவர்கள் உணர்ந்தது கர்டர்களின் மேல். கால்களின் கம்பிகளில் எவ்வளவு இழுவிசை ஏறியது என்பது அவர்கள் உடம்பு அறியக்கூடியதன்று. இந்த இடைவெளியை நிரப்ப லூயிஸ் ஒளிப்படங்களை நாடுகிறார். சாம்பல் வார்ப்பிரும்பின் உடைவுமுகம் சோர்விலும் ஒரே அடியிலும் ஏறத்தாழ ஒரே கரடுமுரடாகத்தான் இருக்கும். எஃகில் காணும் அலைத்தடங்கள் அதில் தெளிவாக விழுவதில்லை. உப்புநீரில் கிடந்த உடைவுகளை, தூரத்திலிருந்து எடுத்த படங்களில், எவ்வளவு பெரிதாக்கினாலும் என்ன படிக்க முடியும்? அவர் காட்டும் கருமையான கோடுகள் விரிசலாகவும் இருக்கலாம், வார்ப்புக் குழியின் நிழலாகவும் இருக்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்வுசெய்யும் ஆதாரம் படத்துக்குள் இல்லை.

விசாரணைக்காலப் பொறியாளர்களுக்குச் சோர்வு பற்றித் தெரியாததால் உண்மைக் காரணம் தப்பியது என்ற எண்ணம் இதோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் திரும்பத் திரும்ப ஏறும் பாரத்தைப் பொறியாளர் ஃபேர்பேர்ன் 1860களில் கர்டரில் சோதித்திருந்தார். சோர்வு பற்றிய தம் நீண்ட ஆய்வைப் பொறியாளர் வோலர் 1870இல் முடித்திருந்தார். பார்லோ இதையெல்லாம் அறியாமல் அந்த இருக்கையில் அமர்ந்தவர் அல்லர். வோலரின் சோதனைகள் அச்சுகளில் நடந்தவை, பாலக்காதுகளில் அல்ல என்பது உண்மைதான்.

காற்றின் பக்கம் சுருக்கமாக. வானியலாளர் ஏரி 1873இல் ஃபோர்த் பாலத்துக்காகச் சொன்னது சதுர அடிக்கு 10 பவுண்டு. டே பாலத்துக்குக் காற்றுக்கெனத் தனிக் கணக்கு போடவில்லை என்பதைப் பௌச் சாட்சியத்திலேயே ஒப்புக்கொண்டார். அன்றிரவின் விசை எவ்வளவு என்பதில் இன்றும் ஒருமை இல்லை. பௌச்சுக்காகச் சாட்சி சொன்ன பெஞ்சமின் பேக்கர், சிக்னல் அறையின் கண்ணாடிகள் உடையாததைக் காட்டி 15 பவுண்டுக்கு மேல் போகவில்லை என்றார். மார்ஸ் பயிற்சிக் கப்பலின் கேப்டன் ஸ்காட், போஃபர்ட் அளவில் 10 முதல் 11 என்றார். மார்டின், மக்லியோட் என்ற ஆய்வாளர்கள் நவீன முறையில் போட்ட கணக்கு, காற்றின் பாரமே விழ வைக்கப் போதுமானது என்கிறது. காது 20 டன்னில் உடையும் என்றால் சோர்வைக் கூப்பிடாமலே கணக்கு முடிந்துவிடுகிறது. காற்றழுத்தம் பற்றிப் பின்னால் அமைந்த ஆணையம் சதுர அடிக்கு 56 பவுண்டு என்று விதித்தது. ஃபோர்த் பாலம் அந்த அளவில் எழுந்தது.

இந்த வாசிப்பால் பாதிப்படைவது, பராமரிப்பு பற்றிய ராத்தரியின் மூன்றாவது குற்றச்சாட்டுதான். நோபிள் செருகிய துண்டுகள், கால்கள் ஏற்கெனவே சாய்ந்து இடம்பிடித்த நிலையிலேயே அவற்றைப் பூட்டிவைத்தன. அதனால் பிணைப்பு வலுக்கவில்லை, சத்தம் மட்டுமே நின்றது. பராமரிப்பு மோசம் என்பது இந்த அளவில் சரி. ஆனால் நான் சொல்வதுபோல் அது ஒருமுறைத் தளர்ச்சிதான் என்றால், அந்தச் சடசடப்பைக் கேட்டு எச்சரிக்கை எழுப்பியிருந்தாலும் காதுகளின் வலு 20 டன்னிலிருந்து உயர்ந்திருக்காது. எல்லாக் காதுகளையும் மாற்றியாக வேண்டும். அது வடிவமைப்புக்கும் வார்ப்பாலைக்கும் சேரும் குற்றம். நோபிள் இறுக்கிய நூறு பிணைப்புகளில் எத்தனை உயர் கர்டர்களின் கால்களில் இருந்தன என்பது கால் வாரியாகத் தெரிந்தால் இந்த வழக்கு பெரும்பாலும் தீர்ந்துவிடும். பெரும்பான்மை அங்கேதான் என்று வந்தால், என் வாசிப்பைத் திருத்திக்கொள்வேன்.