கொண்டச்சிக் கண்களும் செசபீக் படங்களும்

வயது சார்ந்த மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) சிதைவைக் கடல் வெயில் விரைவுபடுத்துகிறது என்போர் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 838 கடற்றொழிலாளரை ஆராய்ந்து 1992இல் வெளியான கட்டுரை. முத்துக்குளிப்பால் பெயர்பெற்ற, இலங்கையின் கொண்டச்சிக் குடாவின் கரையோருக்கும் அதை அப்படியே பொருத்தும் வாசிப்பை ஏற்பதற்கில்லை.

முற்றிய சிதைவுடையோர் முந்தைய 20 ஆண்டுகளில் நீல ஒளியைக் கூடுதலாகப் பெற்றிருந்தனர் என்கிறது கட்டுரை. வாய்ப்பு விகிதம் 1.36, நம்பக இடைவெளி 1.00 முதல் 1.85 வரை. கீழெல்லை ஒன்றைத் தொட்டு நிற்கிறது. அதை விட்டுவிடலாம்; பெரிய இடர் வேறு. நோய் எந்த நிலையில் இருந்தது என்பதை அங்கு எடுத்த விழித்தளப் படம் சொல்லும். எவ்வளவு வேகமாக அந்நிலைக்கு வந்தது என்பதைச் சொல்லாது. ‘விரைவு’ பின்வந்தோர் சேர்த்த சொல்.

முன்னேற்றத்தை எண்ணில் வைத்தது வயது சார்ந்த கண்நோய் ஆய்வான ஏரெட்ஸிலிருந்து 2005இல் வந்த எளிய அளவுகோல். ஒவ்வொரு கண்ணிலும் 125 மைக்ரானுக்குக் குறையாத டுரூசன் படிவுக்கு ஒரு புள்ளி, நிறமி மாற்றத்துக்கு ஒரு புள்ளி. நான்கும் சேர்ந்தால் 5 ஆண்டுகளில் நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு. ஒன்றும் இல்லையேல் 0.5. ஆனால் அதுவும் விழித்தள நிறப்படத்தையே நம்பியது.

நிறப்படம் தவறவிடுவது சிறிதல்ல. டுரூசன் விழித்திரையின் நிறமிப் படலத்துக்குக் கீழே கிடப்பது. படலத்தின் மேலே, ஒளியுணர் செல்களின் பக்கம், வலைபோலப் படிவதும் உண்டு. நிறப்படத்தில் பெரும்பாலும் தப்பும் இப்படிவு அகச்சிவப்புப் படத்திலும் ஓ.சி.டி. (ஒளியியல் அடுக்குப் படப்பிடிப்பு) குறுக்குவெட்டிலும் பிடிபடும். படலத்தை விட்டு மேலேறிய மிளிர்புள்ளிகளும் ஓ.சி.டி.யில் தெரியும். இவ்விரண்டும் முற்றலை முன்னறிவிப்பவை. ஆசியரிடம் கூடுதலாகக் காணப்படும் பாலிப் வகை நாள நோயோ டுரூசன் இல்லாமலே கசியலாம். தழும்பாகிவிட்ட பின் அதை மற்றத் தழும்பிலிருந்து நிறப்படத்தில் பிரிப்பது அரிது. வேறு வேறு நோய்வழிகளை ஒரே பெயரில் அடைத்துவிட்டு வெயிலின் பங்கை எப்படி அளப்பது?

ஒளிக்கணக்கும் கொண்டச்சிக்குப் பொருந்தாது. தொப்பியையும் கண்ணாடியையும் கணக்கில் கொண்டது செசபீக் ஆய்வின் பலம். தலையில் கட்டும் துண்டுக்கோ விளிம்பு இல்லை. உச்சி வெயிலைப் புருவமேடு ஓரளவு மறைக்கும். கண்ணுக்குள் நேரே பாய்வது தாழ்ந்த கதிர். கொண்டச்சியின் கரை மேற்கு நோக்கியது. மாலையில் கடலுக்கு இறங்குபவர் விழும் சூரியனையும், விடியலில் திரும்புபவர் எழும் சூரியனையும் முகத்துக்கு நேரே வாங்குகிறார். வெயிலில் கழித்த மணித்தியாலங்களைக் கூட்டினால் மட்டும் இது கணக்கில் வராது.

சிற்றூருக்கு ஓ.சி.டி. ஏது என்பார்கள். அது செலவு பற்றிய கேள்வி, சான்று பற்றியதல்ல. தொப்பி அணியச் சொல்வதும் தவறாகுமா என்றால், ஆகாது. அதே செசபீக் தொழிலாளரிடம் புற ஊதாக் கதிரையும் கண்புரையையும் இணைத்த 1988ஆம் ஆண்டு முடிவே அதற்குப் போதும்.

ஒளி குற்றமற்றது என்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் ஒரே கண்ணின் ஒரே இடத்தைச் சில ஆண்டு இடைவெளியில் ஓ.சி.டி.யில் இருமுறை எடுத்து, படலத்தின் மேலுள்ளது வளர்ந்ததா, கீழுள்ளது வளர்ந்ததா என்று பார்த்த பிறகே கொண்டச்சியில் ‘விரைவு’ என்ற சொல்லை எழுதலாம்.