தோலும் நீரும்: பாலாற்றங்கரையில் தொழில்நெறி

ஜவ்வாது மலைவாழ் மக்கள் திரட்டும் கடுக்காய், அடிவாரத்துச் சந்தைகளுக்கு இறங்கித் தோல் பதனிடும் தொட்டிகளைச் சென்றடைந்த காலம் ஒன்றிருந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் பக்குவப்பட்ட தோலை 'கிழக்கிந்தியத் தோல்' என்று உலகச் சந்தை அறிந்திருந்தது. இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த வாணியம்பாடியும் ஆம்பூரும் இத்தொழிலால் வளர்ந்த ஊர்கள். தொழில் முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியதன்று. எனினும் அதில் அவர்கள் வகித்த பங்கு பெரிது. அதன் செல்வம் கல்விக்கும் பயன்பட்டது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது.

எழுதி வைத்த நெறிமுறைகள் ஒரு நிறுவனத்தின் நடத்தையை மாற்றுமா என்ற வினாவுக்கு விடை தேட, இவ்வூர்களைவிடத் தக்க இடம் தமிழகத்தில் அரிது. மேலாண்மைக் கல்லூரிகளில் இவ்வினா புத்தம்புதியதுபோல் பேசப்படுவது சற்று வியப்பளிக்கிறது. இஸ்லாமிய நாகரிகம் இதனை 'ஹிஸ்பா' என்ற தலைப்பில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விரிவாக ஆராய்ந்திருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு வணிகரைக் கடிந்துகொண்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இதில் நெறி எத்துணை முக்கியமோ, குவியலுக்குள் நுழைந்த கையும் அத்துணை முக்கியம். பிற்காலத்து 'முஹ்தஸிப்' எனும் சந்தைக் கண்காணிப்பாளர் அக்கையின் தொடர்ச்சியே எனலாம். கிறித்து சகாப்தம் 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, முஹ்தஸிபுக்கென 40 அத்தியாயங்களில் ஒரு கையேடு எழுதினார். 1329இல் மறைந்த எகிப்திய அறிஞர் இப்னுல் உகுவ்வா அதனை 70 அத்தியாயங்களாக விரித்தார். ரொட்டி சுடுவோரின் கூரை உயர்ந்திருக்க வேண்டும், புகை வெளியேற அகன்ற போக்கி வேண்டும் என்னும் அளவுக்கு அஷ்ஷைஸரீ நுணுகிச் செல்கிறார். எல்லாத் தொழில்களின் சூட்சுமமும் ஒருவருக்கே தெரிந்திருக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு தொழிலிலிருந்தும் அதன் தந்திரங்களை அறிந்த நேர்மையாளர் ஒருவரைத் துணையாக நியமிக்க வேண்டும் என்பதும் அவருடைய விதி. அவருக்கு 'அரீஃப்' என்று பெயர். மனிதரின் நல்லெண்ணத்தை மறுக்காமலே, அதை மட்டும் நம்பியிராத ஏற்பாடு இது.

பாலாற்றங்கரைக்குத் திரும்புவோம். 1970களில் அரைப்பதனத் தோல் ஏற்றுமதியை மைய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலை ஊக்குவித்தது. குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவியது. மரப்பட்டைக் காலத்துக் கழிவும் தூயதன்று. ஆயினும் உப்பும் குரோமியமும் சேர்ந்த கழிவு, ஆற்றையும் கிணறுகளையும் முன்னெப்போதும் இல்லாத அளவில் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வுக் கணிப்பை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. சுத்திகரிப்பு நிலையம் அமைக்குமாறு அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பத்தாண்டுகளாகக் கேட்டு வந்ததும், மானியம் தர முன்வந்தும் பலர் செவிசாய்க்காததும் அதில் இடம்பெற்றன.

இங்குதான் நம் சிந்தனைக்குரிய முரண் உள்ளது. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் வெள்ளிதோறும் ஒரே பள்ளிவாசலில் முகம் பார்த்துக்கொள்ளும் ஊர்களில் வாக்குத் தவறுவது எளிதன்று. ஜகாத், மதரஸா, அனாதைப் பராமரிப்பு என அந்நெறி கைக்கெட்டிய தூரம்வரை உயிரோடிருந்தது. ஆனால், ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிணறு கெட்ட உழவர் அந்த ஸஃப்பில் நின்றவரல்லர். கணக்கேட்டிலும் அவர் பெயர் இல்லை. பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்ற ஃபிக்ஹு விதியை அறியாததால் வந்த குறையன்று இது. விதி எட்டவேண்டிய மனிதர் கண்ணுக்குத் தெரியாமல் போனார். கொடையால் இக்குறை ஈடாகிவிட்டதென்று சொல்வோரும் உண்டு. அவ்வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை. கொடை பெற்றவரும் கிணறு இழந்தவரும் வேறு வேறு மனிதர்கள்.

இதற்கு மாறான சான்றும் அதே தொழிலில், அதே ஆண்டுகளில் கிடைக்கிறது. தோலைப் பூஞ்சையிலிருந்து காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருளை 1989இல் ஜெர்மனி தடை செய்தது. 1994இல் சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. ஏற்றுமதியாளர்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே மாற்றுப் பொருள்களுக்கு நகர்ந்தனர். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் துணை நின்றது. பத்தாண்டு வேண்டுகோள் சாதிக்காததை ஒரு துறைமுகச் சோதனை சாதித்தது. ஆனால், அச்சோதனை காத்தது காலணி அணிவோரின் தோலை, பாலாற்றை அன்று. வெளிநாட்டுக் கொள்முதலாளர்கள் பின்னர் எழுதிய நெறிமுறைகளைப் படிக்கும்போதும், அவை யாருடைய கண்ணால் எழுதப்பட்டன என்று கேட்பது நல்லது.

1996 தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்தியது. ஒவ்வொரு தோல் நிலையத்துக்கும் 10,000 ரூபாய் அபராதம், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு, இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் ஆகியவை தொடர்ந்தன. ஆணையம் 2001இல் ஏறத்தாழ 29 ஆயிரம் பேரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. அபராதமும் மூடுவிழாவும் கண்முன் நின்றபோது நடத்தை மாறியது என்பது மெய். ஆயினும், கட்டடம் எழுவது ஒன்று. அதனைப் பொறுப்போடு நடத்துவது வேறொன்று. 2015 ஜனவரி 31இல் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில், தோல் நிறுவனங்களுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் கசடுத் தொட்டிச் சுவர் நள்ளிரவு கடந்து இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிய தொழிலாளர்கள் உட்பட 10 பேர் மாண்டனர். அன்றிரவு அந்நிலையத்திற்கு ஓர் அரீஃப் தேவைப்பட்டார்.

2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்தது. விடுபட்டோருக்கு அரசு இழப்பீடு வழங்கி, அத்தொகையை மாசுபடுத்தியோரிடம் வசூலிக்குமாறும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்குமாறும் ஆணையிட்டது. முதல் மனு தாக்கலான 1991இலிருந்து எண்ணினால் அது 34ஆம் ஆண்டு.