குழுவில் இல்லாத சிஸ்டர்

தாத்தா ஐசியூவில் இருந்த ஆறாம் நாள் இரவு, டாக்டர் “பார்க்கலாம்” என்றுதான் சொன்னார். கதவருகே நின்ற சிஸ்டர் மட்டும் குரலைத் தாழ்த்தி, “தம்பி, ஊர்லேர்ந்து வர வேண்டியவங்க இருந்தா வரச் சொல்லிடுங்க” என்றார். அந்த ஆறு நாளில் எங்களுக்குப் புரிகிற மாதிரி யாராவது பேசினார்கள் என்றால் அது அவர் ஒருவர்தான். ஆனால் அதைச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதனால்தான் குரல் தாழ்ந்தது.

நான் ஆம்பூர்க்காரன். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரி என்றாலே வேலூர். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடம் அது. அங்கே செவிலியர் பள்ளி வந்தது 1909இல். மருத்துவப் பள்ளி வந்தது 1918இல்தான். 1946இல் செவிலியம் பட்டப்படிப்பாகவும் ஆனது. டாக்டர்களை உருவாக்கும் முன்பே நர்சுகளை உருவாக்கிய ஊர் எங்களுடையது.

ஐசியூவின் வரலாறும் கைகளில்தான் தொடங்குகிறது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சென் யோசனைப்படி மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் ரப்பர் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். பிறகு அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. இயந்திரத்துக்குக் களைப்பு கிடையாது. எப்போது நிறுத்துவது என்ற கேள்வி அங்கிருந்துதான் பெரிதாகிறது.

இந்தியாவில் அந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோனது ஒரு நர்சின் உடல். மும்பை கேஇஎம் மருத்துவமனையில் வேலை பார்த்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே தாக்கப்பட்டு நினைவிழந்தார். பிங்கி விரானி அவருக்காக உச்ச நீதிமன்றம் போனார். உணவூட்டுவதை நிறுத்த வேண்டும் என்று கேட்டார். கேஇஎம் நர்சுகள் ஒத்துக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாக அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, படுக்கைப் புண் வராமல் காத்தவர்கள் அவர்கள். 2011 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அருணாவுக்கு உண்மையில் நெருங்கியவர்கள் அந்த மருத்துவமனை ஊழியர்களே என்றது நீதிமன்றம். 2015 மே மாதம், நிமோனியா வந்து ஐசியூவில் வென்டிலேட்டரோடு இறந்தார் அருணா.

அந்த நர்சுகள் செய்தது சரியா? எனக்கு இன்னும் இரண்டு மனசுதான். கவனித்துக்கொள்வதும் விட்டுக்கொடுக்க மறுப்பதும் ஒன்றல்ல. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் கவனித்துக்கொண்டவரின் குரலும் கேட்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

2018இல் காமன் காஸ் வழக்கில், கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. சிகிச்சையை நிறுத்த இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும். இரண்டிலும் டாக்டர்கள் உண்டு. நர்சுக்கென்று ஓர் இருக்கை இல்லை. நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்சாகப் பயின்றவர் என்பது இங்கே ஞாபகம் வருகிறது.

எங்கள் ஆட்கள் விடியற்காலை வந்து சேர்ந்தார்கள். பாட்டி தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த சிஸ்டர் திரையை இழுத்துவிட்டு, மானிட்டர் சத்தத்தைக் குறைத்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. அவரை யாரும் கேட்கவில்லை.