டிசம்பர்ப் பனியில் சொந்த மைதானம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை (காலுக்கு அதில் வேலை சொற்பமே, பெயர் என்னவோ அதுதான்) வெறும் விளையாட்டாக மட்டும் நாம் கருதினால், அதன் ரசிகர்கள் தலைமுறைகளாய்க் கண்டுவந்த ஒரு கனவு நமக்கு விளங்காது. கோப்பையைப் பற்றிய கனவன்று அது. பருவத்தின் முடிவில், தோற்றால் எல்லாம் போயிற்று என்னும் நிலையில் ஆடப்படும் ஆட்டம், தம் கல்லூரி வளாகத்திலேயே, தம் ஊர்க் குளிரிலேயே நடக்க வேண்டும் என்பதுதான் அது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கத் தோன்றும். பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் என்ற ஊரில் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர் வாழ்கிறார்கள். அங்குள்ள பீவர் அரங்கத்திலோ ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கம் 1,07,601 இருக்கைகள் கொண்டது. இத்தனை பெரிய அரங்கங்களைக் கட்டி வைத்துக்கொண்டும், ஆண்டின் தலையாய ஆட்டத்துக்கு அவர்கள் பெட்டி படுக்கையோடு தெற்கே ரயிலேற வேண்டியிருந்தது. நம் ஊர்த் தேரை ஆண்டுதோறும் அசலூர் வீதியில் கொண்டுபோய் இழுப்பதற்கு ஒப்பானது இது.

காரணம் எளிது. 1902ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், கலிபோர்னியாவின் பாசடீனா நகரம் தன் மலர்த் திருவிழாவுக்குக் கூட்டம் சேர்க்க ஒரு கால்பந்து ஆட்டத்தை ஏற்பாடு செய்தது. மிச்சிகன் அணி ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று நசுக்கியது. 1916 முதல் ஆண்டுதோறும் நடக்கலான அந்த ஆட்டமே பின்னர் ரோஸ் பௌல் எனப் பெயர் பெற்றது. அதன் வெற்றியைக் கண்டு 1935இல் மயாமியும் நியூ ஆர்லியன்ஸும், 1937இல் டல்லஸும் தத்தம் பௌல் ஆட்டங்களைத் தொடங்கின. எல்லாமே குளிர்காலத்தில் விருந்தினர் வரவை எதிர்நோக்கிய வெதுவெதுப்பான நகரங்கள். வாகையர் யார் என்பதையோ 1936 முதல் பத்திரிகையாளர்கள் வாக்களித்துச் சொல்லிவந்தார்கள். ஆட்டம் விடுதிக்காரருக்கு, தீர்ப்பு பத்திரிகைக்காரருக்கு. ரசிகனுக்குக் கற்பனை மட்டுமே மிஞ்சியது. தென்னகத்து அணி ஒருமுறையேனும் நம் பனியில் வந்து நடுங்கட்டும் என்பது வடபுலத்தாரின் நெடுநாளைய வன்மம் கலந்த ஆசை.

அந்த ஆசை முன்னரே ஒருமுறை, யாரும் விரும்பாத வழியில், பலித்திருக்கிறது. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபின், மேற்குக் கரையில் பெருங்கூட்டம் கூடுவது ஆபத்து என்று இராணுவம் ரோஸ் பௌலைத் தடுத்தது. ஆடவிருந்த இரு அணிகளுள் ஒன்றான ட்யூக், வட கரோலினாவின் டர்ஹாமில் இருந்த தன் மைதானத்தையே தர முன்வந்தது. பக்கத்துப் பல்கலைக்கழகங்களிலிருந்து இருக்கைகளை இரவல் வாங்கி அரங்கத்தைப் பெரிதாக்கினார்கள். எதிரணியான ஓரிகன் ஸ்டேட் கண்டத்தின் மறுகோடியிலிருந்து ரயிலில் வந்தது. ஜாக் யோஷிஹாரா என்ற அதன் வீரர் மட்டும் வரவில்லை. ஜப்பானிய வம்சாவளியினர் என்பதால் அவருக்குப் பயண அனுமதி இல்லை. பின்னர் அவர் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பருவம் முழுவதும் தோல்வியறியாத ட்யூக், 1942 புத்தாண்டன்று மழையில், சொந்த மக்கள் பார்த்திருக்க, 20-16 என்று தோற்றது.

அதன் பிறகு எண்பதாண்டுகளுக்கு மேல் ஆயின. 2014ஆம் ஆண்டுப் பருவத்தில் பிளேஆஃப் என்னும் தகுதிச்சுற்று நான்கு அணிகளோடு வந்தபோதும் ஆட்டங்கள் பொது மைதானங்களிலேயே நிகழ்ந்தன. 2024இல் அது பன்னிரண்டு அணிகளாக விரிந்தபோதுதான் கதவு திறந்தது. ஐந்து முதல் எட்டு வரையான இடங்களைப் பெற்ற அணிகள் முதற்சுற்றைத் தம் வளாகத்தில் ஆடலாம். முதல் நான்கு அணிகளுக்கு முதற்சுற்று இல்லை. ஆகவே சொந்த மைதானமும் இல்லை! நாலாவதாய் வருவதைவிட ஐந்தாவதாய் வருவதே மேல் என்று ரசிகர்கள் கணக்குப் போடத் தொடங்கியதை நம்மால் குறைசொல்ல இயலவில்லை.

2024 டிசம்பர் 20 அன்று நோட்ரடாம் இந்தியானாவை 27-17 என வென்றது. மறுநாள் பென் ஸ்டேட், டெக்சாஸ், ஒகையோ ஸ்டேட் மூன்றும் தம் மண்ணில் வென்றன. இவற்றுள் நம் கவனத்தை ஈர்ப்பது ஒகையோ ஸ்டேட்தான். அங்குக் கொலம்பஸ் நகரில் அன்றிரவு உறைநிலைக்குக் கீழான குளிர். எதிரே தென்னகத்தின் டென்னசி அணி. எழுதிவைத்தது போலக் கனவு கண்முன் நின்றது. ஆயினும் அரங்கத்தில் திட்டுத்திட்டாக ஆரஞ்சு நிறம், அதாவது டென்னசியின் நிறம். மூன்று வாரங்களுக்கு முன் மிச்சிகனிடம் 13-10 எனத் தோற்ற கசப்பில், உள்ளூர்க்காரர் பலர் தம் நுழைவுச்சீட்டுகளை வந்தவர்களுக்கு விற்றுவிட்டிருந்தார்கள். ஒரு தலைமுறை ஏங்கிய இருக்கைக்குச் சந்தையில் ஒரு விலை இருந்தது. அணி 42-17 என்று வென்றது. 2025 ஜனவரியில் வாகையும் சூடியது. விற்றவர்கள் அவ்வெற்றியைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பார்கள்.

அடுத்த ஆண்டு, சொந்த மண் காக்கும் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. 2025 டிசம்பரில் ஓக்லஹோமா 17-0 என முன்னிலையில் இருந்தும் அலபாமாவிடம் 34-24 எனத் தோற்றது. மறுநாள் டெக்சாஸ் ஏ அண்ட் எம், லட்சம் பேர் முன்னிலையில், மயாமியிடம் 10-3 என வீழ்ந்தது.

அந்த மயாமி இறுதி ஆட்டம் வரை சென்றது. அவ்வாட்டத்துக்கெனப் பல ஆண்டுகள் முன்பே பொது மைதானமாகக் குறிக்கப்பட்டிருந்த இடம், தற்செயலாக, மயாமி அணி வழக்கமாக ஆடும் அரங்கமே. எதிரே நின்ற இந்தியானாவோ முதலிடம் பெற்றதனால் பிளேஆஃபில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தன் ஊரான புளூமிங்டனில் ஆடாமல் வந்த அணி. 2026 ஜனவரி 19 அன்று இந்தியானா 27-21 என வென்றது.