ஒரே எடை, ஒரே மாநிலம், பல சாம்பியன்கள்: அமெரிக்கப் பள்ளி மல்யுத்தத்தில் பட்டத்தின் மதிப்பு என்ன?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மல்யுத்த வீரர் ஒருவர் ‘மாநில சாம்பியன்’ என்று அறிமுகப்படுத்தப்பட்டால், விளையாட்டை நன்கு அறிந்தவர்கள் ‘எந்தப் பிரிவில்?’ என்று கேட்பது வழக்கம். அக்கேள்வி அவரது எடையைப் பற்றியது மட்டுமன்று; அவர் பயிலும் பள்ளி எவ்வளவு பெரியது என்பதையும் பற்றியது. பெரும்பாலான மாநிலங்கள் மாணவர் எண்ணிக்கையின் அடிப்படையில் பள்ளிகளைப் பல பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மாநில சாம்பியன்ஷிப் நடத்துகின்றன. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, இண்டியானா உள்ளிட்ட சில மாநிலங்களில் மட்டும் தனிநபர் பட்டத்துக்கு அனைத்துப் பள்ளிகளும் ஒரே களத்தில் மோதுகின்றன.

இந்த வேறுபாட்டால், ஒரே பெயருடைய பட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு மதிப்பில் பார்க்கப்படுகிறது. பள்ளிப் பருவத்துக்குப் பின் கல்லூரி அணியில் இடமும் கல்வி உதவித்தொகையும் எதிர்பார்க்கும் மாணவர்களுக்கு இது முக்கியமான விஷயமாகும்.

போட்டி முறை

அமெரிக்காவில் பள்ளி விளையாட்டுகளுக்கான பொது விதிகளை மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு வகுக்கிறது. சாம்பியன்ஷிப்பை எத்தனை பிரிவுகளாக நடத்துவது என்பதை அந்தந்த மாநிலச் சங்கமே முடிவு செய்கிறது. இக்கூட்டமைப்பின் கணக்குப்படி, 2023-24 கல்வியாண்டில் ஏறத்தாழ 2.9 லட்சம் மாணவர்களும் 64 ஆயிரத்துக்கும் அதிகமான மாணவியரும் பள்ளி மல்யுத்தத்தில் பங்கேற்றனர்.

பள்ளிகளில் ஆடப்படுவது ‘ஃபோக்ஸ்டைல்’ எனப்படும் அமெரிக்க மரபு மல்யுத்தம். ஒலிம்பிக்கில் இடம்பெறும் ஃப்ரீஸ்டைல் முறையிலிருந்து இது விதிகளில் மாறுபடுகிறது. எதிராளியைக் கீழே அழுத்தித் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதற்கு இதில் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. மாணவர்களுக்கு நீண்ட காலமாக 14 எடைப்பிரிவுகள் இருந்து வந்தன. 2023-24 முதல் 12, 13, 14 ஆகிய மூன்று பட்டியல்களில் ஒன்றை மாநிலங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 14 பிரிவுகள் கொண்ட பட்டியல் 106 பவுண்டில், அதாவது சுமார் 48 கிலோவில் தொடங்கி, 285 பவுண்டு, அதாவது சுமார் 129 கிலோ வரை செல்கிறது.

இந்தியாவில் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் மல்யுத்தப் போட்டிகள் வயது, எடை ஆகிய இரண்டின் அடிப்படையில் வகுக்கப்படுகின்றன. பள்ளியின் அளவு கணக்கில் கொள்ளப்படுவதில்லை. எனவே அமெரிக்க முறை இந்திய வாசகர்களுக்குப் புதிதாகத் தோன்றலாம்.

எண்ணிக்கை காட்டும் வேறுபாடு

14 எடைப்பிரிவுகள் உள்ள மாநிலத்தில் ஒரே சாம்பியன்ஷிப் நடந்தால், ஆண்டுக்கு 14 பேர் மாநில சாம்பியன் ஆவர். அயோவா, ஒஹையோ போன்று மூன்று பள்ளிப் பிரிவுகள் இருந்தால், அந்த எண்ணிக்கை 42 ஆகும். நெப்ராஸ்கா, மிச்சிகன் போன்று நான்கு பிரிவுகள் இருந்தால் 56 ஆகும். வர்ஜீனியா 2013-14 முதல் பள்ளிகளை ஆறு பிரிவுகளாக வகுத்து வருகிறது. அங்கு இதே கணக்கு 84-ஐ எட்டும்.

மக்கள்தொகையுடன் ஒப்பிட்டால் இடைவெளி மேலும் தெளிவாகும். கலிஃபோர்னியாவின் மக்கள்தொகை சுமார் 3.9 கோடி. பத்து மண்டலங்களில் தகுதி பெற்று வருவோரிலிருந்து எடைக்கு ஒருவரே அங்கு மாநிலப் பட்டம் பெறுகிறார். வர்ஜீனியாவின் மக்கள்தொகை சுமார் 87 லட்சம். அங்கு ஒரே எடையில் ஆறு பேர் அதே பட்டத்தைப் பெற இயலும்.

ஒரே பட்டம் கோருவோரின் வாதம்

மல்யுத்தம் தனிநபர் விளையாட்டு. எடைப்பிரிவே சமநிலையை உறுதி செய்துவிடுகிறது என்பது ஒரே சாம்பியன்ஷிப்பை ஆதரிப்போரின் முதன்மை வாதம். கால்பந்திலோ கூடைப்பந்திலோ பெரிய பள்ளிக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம். மல்யுத்தக் களத்தில் 126 பவுண்டு மாணவரை எதிர்த்து நிற்பவரும் 126 பவுண்டு மாணவரே. அவரது பள்ளியில் 300 பேர் படித்தாலும் 3,000 பேர் படித்தாலும் களத்தில் இருப்பவர் ஒருவர்தான் என்று அவர்கள் கூறுகின்றனர்.

இண்டியானா மாநிலம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1954-ல் 161 மாணவர்களை மட்டுமே கொண்ட மைலன் பள்ளி, மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என வீழ்த்தி மாநிலக் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றது. 1986-ல் வெளியான ‘ஹூஸியர்ஸ்’ திரைப்படத்துக்கு அந்த வெற்றியே தூண்டுதலாக அமைந்தது. அத்தகைய மரபு கொண்ட மாநிலமே 1997-98-ல் கூடைப்பந்தைப் பள்ளி அளவின்படி பிரித்தது. ஆயினும் தனிநபர் மல்யுத்தத்தில் ஒரே பட்டம் என்ற முறையை அது கைவிடவில்லை.

சிறு பள்ளிகளின் வாதம்

பல பிரிவுகளை ஆதரிப்போர், களத்தில் இருப்பவர் ஒருவரே எனினும் அவரை உருவாக்குவது பயிற்சி அறையே என்கின்றனர். பெரிய பள்ளியில் ஒரே எடையில் மூன்று, நான்கு மாணவர்கள் நாள்தோறும் ஒருவரோடொருவர் மோதிப் பழகுவர். கூடுதல் பயிற்சியாளர்களும் வசதிகளும் இருக்கும். சிறு பள்ளி மாணவருக்குத் தன் எடையில் பயிற்சித் துணையே கிடைக்காத நிலை ஏற்படலாம்.

அணிப் போட்டியில் இவ்வேறுபாடு நேரடியாகப் புள்ளிகளில் தெரிகிறது. இரு பள்ளிகள் மோதும்போது ஒவ்வோர் எடைக்கும் ஒருவர் களமிறங்க வேண்டும். ஆள் இல்லாத எடையில் எதிரணிக்கு ஆறு புள்ளிகள் போய்ச் சேரும். எதிராளியின் முதுகைத் தரையில் அழுத்திப் பெறும் முழு வெற்றிக்கும் அதே ஆறு புள்ளிகள்தாம். ஒன்பது வீரர்கள் மட்டுமே உள்ள சிறு பள்ளி, எதிரணி முழு பலத்துடன் வந்தால், ஒரு பிடி கூடப் பிடிக்காமல் 30 புள்ளிகளை இழந்துவிடும். இதனால்தான் தனிநபர் பட்டத்தை ஒன்றாக வைத்திருக்கும் நியூ ஜெர்சி கூட, அணிப் பட்டங்களைப் பள்ளி அளவின்படி பிரித்து வழங்குகிறது.

வெல்லும் வாய்ப்பே தெரியாத விளையாட்டில் சிறு ஊர்களின் மாணவர்கள் எத்தனை ஆண்டுகள் நீடிப்பர் என்பதும் இத்தரப்பினரின் கேள்வி. ஊருக்கு ஒரு சாம்பியன் கிடைத்தால் அடுத்த ஆண்டு பயிற்சிக்குப் பத்துச் சிறுவர்கள் கூடுதலாக வருவர் என்பது அவர்களின் நம்பிக்கை.

பட்டங்களின் எண்ணிக்கை சொல்லாதவை

பெற்ற பட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் வீரர்களை ஒப்பிட இயலாது என்பதைப் புகழ்பெற்ற வீரர்களின் வரலாறு காட்டுகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜோர்டன் பர்ரோஸ், ஒரே பட்டம் வழங்கும் நியூ ஜெர்சியில் பயின்றவர். பள்ளிப் பருவத்தில் அவர் வென்ற மாநிலப் பட்டம் ஒன்றே.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கேல் சாண்டர்சன், பல பிரிவுகள் கொண்ட யூட்டா மாநிலத்தில் நான்கு முறை சாம்பியன் ஆனவர். கல்லூரியில் அவர் தொடர்ந்து 159 போட்டிகளில் தோல்வியே காணவில்லை. ஒஹையோவின் நடுத்தரப் பிரிவில் ஆடிய கிரஹாம் பள்ளியின் டேவிட் டெய்லரும் நான்கு முறை மாநிலப் பட்டம் வென்றவர். டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியாவின் தீபக் பூனியாவை வீழ்த்தி, பின்னர் தங்கமும் வென்றவர் அவரே.

ஒரு பட்டம் பெற்ற பர்ரோஸின் திறன் குறைவென்றோ, பிரிக்கப்பட்ட களத்தில் பெற்றதால் மற்ற இருவரின் நான்கு பட்டங்கள் எளிதானவை என்றோ எவரும் கூற முடியாது. சிறிய அல்லது நடுத்தரப் பிரிவு என்பதால் அங்குள்ள அனைவரும் பலவீனமானவர்கள் என்ற முடிவும் பொருந்தாது.

கார்ல்டன் ஹேசல்ரிக் கதை

பென்சில்வேனியாவைச் சேர்ந்த கார்ல்டன் ஹேசல்ரிக் பயின்ற பள்ளியில் மல்யுத்த அணியே கிடையாது. தனி ஒருவராகப் பங்கேற்று அவர் 1984-ல் மாநில சாம்பியன் ஆனார். பின்னர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஜான்ஸ்டவுன் வளாகத்துக்காக, கல்லூரி மல்யுத்தத்தின் இரண்டாம் டிவிஷனில் ஆடினார். அக்காலத்தில் இரண்டாம் டிவிஷன் சாம்பியன்கள் முதல் டிவிஷன் போட்டியிலும் பங்கேற்க அனுமதி இருந்தது. 1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவர் இரண்டு டிவிஷன்களிலும் தங்கம் வென்று, ஆறு தேசியப் பட்டங்களைப் பெற்றார்.

அதன் பிறகு விதி மாற்றப்பட்டு அவ்வழி அடைக்கப்பட்டது. பிரிவுகளுக்கு இடையே வழி திறந்திருந்ததால்தான் அவரது உண்மையான தரம் நாட்டுக்குத் தெரிந்தது என்று பிரிவு முறையை விமர்சிப்போர் இன்றும் சுட்டிக்காட்டுகின்றனர்.

இடைப்பட்ட வழி

கனெக்டிகட் மாநிலம் இரு தரப்புக்கும் இடமளிக்கிறது. பள்ளிகள் அளவின்படி நான்கு பிரிவுகளாக முதலில் மோதுகின்றன. அவற்றில் முன்னிலை பெறுவோர் ‘ஸ்டேட் ஓபன்’ எனப்படும் பொதுப் போட்டியில் சந்திக்கின்றனர். அங்கிருந்து ஆறு மாநிலங்கள் பங்கேற்கும் நியூ இங்கிலாந்து சாம்பியன்ஷிப்புக்குச் செல்கின்றனர். மாசசூசெட்ஸும் இதையொத்த முறையைப் பின்பற்றுகிறது. சிறு பள்ளி மாணவருக்குப் பிரிவுப் பட்டமும் கிடைக்கிறது. மாநிலத்தின் சிறந்த வீரர் யார் என்ற கேள்விக்கு விடையும் கிடைக்கிறது. பருவம் நீள்வதும் செலவு கூடுவதும் இம்முறையின் குறைகளாகும்.

கல்லூரிகளின் அளவுகோல்

கல்லூரிப் பயிற்சியாளர்கள் மாநிலப் பட்டத்தை மட்டும் நம்புவதில்லை. பள்ளிப் பிரிவு, மாநில எல்லை எதுவும் குறுக்கிடாத போட்டிகளுக்கு அவர்கள் கூடுதல் மதிப்பளிக்கின்றனர். வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் நடைபெறும் தேசிய ஜூனியர் போட்டியும், ஒஹையோவின் ‘ஐயன்மேன்’ போட்டியும் இவற்றில் முக்கியமானவை. முதல் டிவிஷன் கல்லூரி அணி ஒன்று 9.9 முழு உதவித்தொகைகளை மட்டுமே வழங்கலாம் என்ற வரம்பு நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது. அந்தக் குறைந்த இடங்களுக்குப் போட்டியிடுவோரிடம் பயிற்சியாளர்கள் பார்ப்பது, பட்டத்தின் பெயரைவிட யாரை வென்று அதைப் பெற்றார் என்பதையே. ஆனால் இத்தகைய போட்டிகளுக்கான பயணச் செலவைத் தாங்க இயலாத குடும்பங்களுக்கு மாநிலப் போட்டியே ஒரே மேடையாக அமைந்துவிடுகிறது.

மகளிர் மல்யுத்தத்திலும் இக்கேள்வி எழத் தொடங்கியுள்ளது. 1998-ல் ஹவாய் முதன்முதலில் மாணவியருக்கான மாநில சாம்பியன்ஷிப் நடத்தியது. பங்கேற்பு குறைவாக இருந்தவரை, ஒரே களத்தில் அனைவரையும் மோதவிடுவது பொருத்தமாக இருந்தது. எண்ணிக்கை பெருகும்போது ஆண்கள் போட்டியில் எழுந்த அதே விவாதத்தை மாநிலச் சங்கங்கள் மீண்டும் எதிர்கொள்ள நேரிடும்.

சிறந்தவரை அடையாளம் காண்பதும், மேலும் பலரை விளையாட்டுக்குள் ஈர்ப்பதும் வெவ்வேறு நோக்கங்கள். இரண்டையும் ‘மாநில சாம்பியன்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் வரை, பட்டத்தைக் கேட்டவுடன் ‘எந்தப் பிரிவில்?’ என்ற கேள்வியும் தொடரும்.