ஊட்டுப்புரையிலிருந்து ஊண்கடை வரை: திருவனந்தபுரத்தில் எங்கே உண்பது?

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கிற்காக மதுரையிலிருந்து வந்திருந்த ஆய்வாள நண்பர் ஒருவர், "உங்கள் ஊரில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம்?" என்று கேட்டார். நான்கைந்து கடைகளின் பெயர்களைத் தட்டச்சு செய்தேன். அனுப்பும் முன் அழித்துவிட்டேன். நூறாண்டுகளுக்கு முன் இதே கேள்வியை இந்நகரில் கேட்டிருந்தால், "நீங்கள் யார்?" என்பதே முதல் மறுமொழியாக இருந்திருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. அவருக்குத் தர வேண்டிய விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

1

மொழியியல் மாணவன் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'உண்' என்னும் வேர் முதல் நீண்டு 'ஊண்' ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயருக்கு நம் இலக்கண வகுப்புகளில் காட்டப்படும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று இது. அதே வேரின் பிறவினை வடிவம் 'ஊட்டு'. முன்னதில் உண்பவர் எழுவாய். பின்னதில் உண்பிப்பவர் எழுவாய். தமிழும் மலையாளமும் இவ்விரு வடிவங்களையும் பங்கிட்டுக் கொண்டுள்ளன. ஆனால் அன்றாடத் தமிழில் 'ஊண்' ஏறத்தாழ வழக்கொழிந்தது; 'சாப்பாடு' அதன் இடத்தைப் பிடித்தது. மலையாளத்திலோ அது இன்றும் நண்பகல் உணவின் பெயர். இந்நகரின் தெருமுனைகளில் 'ஊண் ரெடி' என்று எழுதப்பட்ட பலகைகளைக் காணாமல் ஒரு நண்பகல் கழியாது. பழைய திருவனந்தபுரத்தின் சொல்லோ 'ஊட்டு': அரசும் கோயிலும் நடத்திய அன்னசாலைக்கு 'ஊட்டுப்புரை' என்று பெயர். ஊட்டிலிருந்து ஊணுக்கு வந்த வழியே இந்நகரின் சமூக வரலாறு என்று கருதுகிறேன்.

2

ஊட்டுப்புரைக்கும் முந்தையது 'சாலை'. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் வெளியிட்ட பார்த்திவசேகரபுரச் செப்பேடு, 95 சட்டர்களுக்கு ஒரு சாலை நிறுவப்பட்டதைக் கூறுகிறது. உணவும் உறைவிடமும் கல்வியும் ஒருங்கே அமைந்த நிறுவனம் அது. அதற்கு முன்மாதிரியாகச் சுட்டப்படுவது காந்தளூர்ச் சாலை. இந்நகரின் வலியசாலைப் பகுதியே அக்காந்தளூர் என்பது பரவலான கருத்து. மாற்றுக் கருத்துகளும் உண்டு.

985-இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன், காந்தளூர்ச் சாலையில் 'கலம்' அறுத்ததைத் தன் மெய்க்கீர்த்தியில் பெருமையாகப் பொறித்தான். அந்தக் 'கலம்' எது என்பதில் கல்வெட்டறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். மரக்கலம் என்றால் அது கடற்போர். உண்கலம் என்றால் சாலையில் நடந்த ஊட்டினை நிறுத்தியதோ ஒழுங்குபடுத்தியதோ ஆகும். இவ்வழக்கை இங்கே தீர்க்க முயலவில்லை. ஆனால் ஒரு துறைமுக நாட்டில் கப்பலுக்கும் உண்ணும் தட்டுக்கும் ஒரே சொல் வழங்கியதும், இரண்டில் எதை 'அறுத்தாலும்' அது வெற்றியாகக் கொள்ளப்படத்தக்கது என்று அறிஞர்கள் கருத முடிந்ததும் கவனிக்கத்தக்கவை. யாருக்குச் சோறு போடுவது என்பது அன்றே அரசியல்.

3

மார்த்தாண்ட வர்மர் 1750-இல் நாட்டைப் பத்மநாபருக்கு அர்ப்பணித்தபின் ஊட்டு, அரச தர்மத்தின் முதன்மையான அடையாளமாயிற்று. ஆறாண்டுகளுக்கு ஒருமுறை 56 நாள்கள் நிகழும் முறைஜபத்தில் வேதம் ஓதுவோருக்குப் பெருவிருந்து நடந்தது. ஏனைய நாள்களிலும் ஊட்டுப்புரைகள் இயங்கின. இலண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1871-இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலுக்குத் 'தர்ம பூமி' எனப் பொருள்படும் தலைப்பை வைத்தார். அதில் எள்ளல் உண்டு. தர்மம் பெற்றவர்கள் பெரும்பாலும் பிராமணர்கள். அதற்கான நெல்லை விளைவித்தவர்களுக்கோ ஊட்டுப்புரை இருந்த தெருவில் நடக்கவும் உரிமையில்லை. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப்பட்ட நாஞ்சில் நாட்டிலிருந்து தமிழ் பேசும் உழவர்களின் உழைப்பும் இந்த இலைகளுக்கு வந்து சேர்ந்தது. உண்டவரின் பெயரை ஆவணம் காக்கும். உழுதவரின் பெயரை அது அரிதாகவே காக்கும்.

4

இதற்கு எதிர்வினையும் உணவின் வழியே எழுந்தது. தென் திருவிதாங்கூரில் அய்யா வைகுண்டர் (1809–1851) சமபந்தி உணவை ஒரு சமய ஒழுக்கமாகவே ஆக்கினார். இந்நகரின் தைக்காட்டில், ஆங்கிலேய ரெசிடெண்டின் அலுவலகத்தில் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்த தமிழர் அய்யாவு சுவாமிகள், தைப்பூச நாளில் எல்லாச் சாதியினரையும் ஒரே பந்தியில் அமர்த்தினார் என்று அவரது வரலாறுகள் கூறுகின்றன. அப்பந்தியில் அமர்ந்தவர்களுள் அய்யன்காளியும் ஒருவர் என்பது மரபு. 1917-இல் சகோதரன் அய்யப்பன் செராயியில் நடத்திய மிசிரபோஜனம் கேரள வரலாற்றில் பெரிதும் பேசப்படுகிறது. தைக்காட்டின் பந்தி அத்துணை பேசப்படுவதில்லை.

விழிஞ்ஞத்தை அடுத்த வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893-இல் வில்லுவண்டி ஏறிப் பொதுத் தெருவில் சென்றார். பின்னர் ஸ்ரீமூலம் பிரஜா சபையிலும் உறுப்பினரானார். ஆயினும் அக்காலத் தேநீர்க் கடைகள் பலவற்றில் அவருடைய மக்களை வாசலுக்கு வெளியே நிறுத்திச் சிரட்டையில் தேநீர் ஊற்றினர். சபையில் இருக்கை கிடைத்தது. கடையில் பலகை கிடைக்கவில்லை. காசு கொடுத்தால் எவரும் உண்ணலாம் என்னும் நிலை, கடைகள் தோன்றியவுடன் தானாக வந்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. தமிழகத்திலும் 1957-இல், திருவல்லிக்கேணியின் முரளீஸ் கஃபே பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது.

5

'சாயா' பற்றி ஒரு குறிப்பு. தேநீரைக் குறிக்கும் உலகச் சொற்களை மொழியியலாளர் இரு குடும்பங்களாகப் பிரிப்பர். சீனத்தின் மின் கிளைமொழியிலிருந்து டச்சுக் கப்பல்கள் வழியே பரவியது 'தே'. நிலவழியாகவும் போர்ச்சுகீசியர் வழியாகவும் பரவியது 'சா'. தமிழின் தேநீர், டீ இரண்டும் முதல் குடும்பம். மலையாளத்தில் இலை 'தேயில', பானமோ 'சாய'. இரு வணிக வழிகளும் ஒரே குவளையில் கலந்த மொழி அது. சாலைக் கம்போளத்தில் ஒரே கடையில் ஒருவர் 'டீ' என்றும் மற்றவர் 'சாய' என்றும் கேட்க, கடைக்காரர் இருவருக்கும் ஒன்றையே ஆற்றித் தருவதை நாள்தோறும் கேட்கலாம்.

அந்தச் சாலைக் கம்போளம், கார்த்திகைத் திருநாள் மகாராஜாவின் திவான் ராஜா கேசவதாசன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது. தமிழ் வணிகர்கள் வேரூன்றிய தெரு அது. அங்கேயே கடை வைத்திருந்து அத்தெருவைக் கதைகளாக்கியவர் ஆ. மாதவன் (1934–2021). இத்தெருவின் உணவை வேறொரு கோணத்தில் பதிவு செய்தது ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு'. அதில் வரும் கெத்தேல் சாகிப் விலை கேட்பதில்லை; உண்டவர் பெட்டியில் போட்டதே விலை. புனைவுதான். எனினும் என் வாதத்திற்கு அது தேவைப்படுகிறது: ஊட்டுப்புரையில் விலை இல்லை, சாதி உண்டு, ஊண்கடையில் சாதி குறைந்தது, விலை வந்தது. சாதியும் விலையும் இல்லாத ஊட்டு இயலுமா என்பதே அக்கதை எழுப்பும் வினா.

6

மூன்றாவது ஒரு வழியையும் இந்நகரம் கண்டது. 1957-இல் காபி வாரியம் தன் காபி விடுதிகளை மூடி ஊழியர்களை வெளியேற்றியபோது, ஏ.கே. கோபாலனின் வழிகாட்டலில் அவர்கள் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டனர். 1958-இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் தொழிலாளர் இந்தியன் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. தம்பானூர் பேருந்து நிலையத்தை அடுத்துள்ள கிளையின் கட்டடம் லாரி பேக்கரின் படைப்பு: சுழன்று ஏறும் செங்கற் கோபுரம், துளையிட்ட சுவர், சரிவான தரை, சுவரோடு கட்டிய மேசைகள். மேசைகளை நகர்த்த இயலாது. ஆகவே எவருக்கும் தனி இடமும் இல்லை. உயர் மேசை, தாழ்ந்த மேசை என்பதும் இல்லை. எல்லா மேசைகளும் ஒரே சரிவில் தொடர்கின்றன. பேக்கர் இதை எண்ணித்தான் வரைந்தாரா என்பது என் கேள்வியன்று. ஊட்டுப்புரையின் நகரில் இக்கட்டடம் இவ்வாறு வாசிக்கப்படத்தக்கது.

7

நண்பருக்கு இறுதியில் அனுப்பிய விடை இது. காலையில் தம்பானூர்க் கோபுரத்தில் ஏறிப் பீட்ரூட் நிறமேறிய மசால் தோசை. நண்பகலில் 'ஊண்' பலகை தொங்கும் ஏதேனும் ஒரு சிறுகடை. சத்யை கிடைத்தால் பாயசத்தோடு போளி. மராட்டியத்திலிருந்து தமிழகம் வழியாக வந்து இந்நகரின் விருந்தில் நிலைத்த பண்டம் அது. மாலையில் விழிஞ்ஞம். 2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்ட புதிய துறைமுகத்தின் பெருங்கலங்களைக் கரையிலிருந்தே காணலாம். அதே கரையில், இசுலாமிய, இலத்தீன் கத்தோலிக்க மீனவர்கள் பிடித்த மீன் பொரிகிறது. 2022-இல் அத்துறைமுகத்தை எதிர்த்துப் பல மாதங்கள் போராடியவர்களுள் இக்கரையோர மீனவர்கள் பலர்.

மரக்கலமும் உண்கலமும் மீண்டும் ஒரே கரையில் எதிர்நிற்கின்றன. ஆகவே அங்கே உண்ணும்போது, இலையில் இருப்பது எவர் உழைப்பு, அவர் எங்கே அமர்ந்து உண்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுமாறு நண்பரிடம் கூறினேன்.

உங்கள் ஊரின் பழைய அன்னசாலை, சத்திரம், காபி கிளப் ஆகியவற்றுக்கு வழங்கிய பெயர்கள் நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். சொற்களைத் தொகுத்து வருகிறேன்.