தனுஷ்கோடி

தனுஷ்கோடி இந்தியாவின் தமிழ்நாடு மாநிலத்தில், இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் தீவின் தென்கிழக்கு முனையில் அமைந்துள்ள ஓர் ஊர் ஆகும். இராமேசுவரம் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1914 முதல் 1964 வரை இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த துறைமுகமாகவும் தொடர்வண்டி முனையமாகவும் விளங்கியது. 1964 டிசம்பர் புயலில் முற்றிலும் அழிந்தது. இன்று இது சுற்றுலாப் பயணிகளும் தீர்த்த யாத்திரிகர்களும் மிகுதியாக வரும் இடமாக உள்ளது. ஆளில்லாத ஊர் எனப் பரவலாகக் கருதப்பட்டாலும், மீனவக் குடும்பங்கள் இங்குத் தொடர்ந்து வாழ்ந்து வருகின்றன.

பெயர்க்காரணம்

தனுசு என்பது வில்லையும், கோடி என்பது முனையையும் குறிக்கும். இலங்கையிலிருந்து திரும்பிய இராமன், விபீடணனின் வேண்டுகோளுக்கு இணங்கித் தன் வில்லின் முனையால் சேதுவை உடைத்தான் என்பது இவ்வூர் பற்றிய புராணக் கதை. காசி யாத்திரை சென்றவர்கள் சேதுவில் நீராடிய பின்னரே யாத்திரை நிறைவு பெறும் என்பது மரபு. இராமநாதபுரத்தை ஆண்ட மன்னர்கள் சேதுவின் காவலர் என்னும் பொருளில் சேதுபதிகள் என அழைக்கப்பட்டனர்.

நில அமைப்பு

பாம்பன் தீவின் கிழக்குப் பகுதி நீண்டு ஒடுங்கி, இருபுறமும் கடல் சூழ்ந்த மணல் நாக்காக முடிகிறது. இதன் இறுதி முனை அரிச்சல்முனை எனப்படும். இங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் வரையுள்ள ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடற்பரப்பில், ஆதாம் பாலம் அல்லது இராமர் பாலம் எனப்படும் மணல் திட்டுகள் வரிசையாக அமைந்துள்ளன.

வடக்கே பாக்கு நீரிணைப் பகுதியும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. இப்பகுதி மக்கள் அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண்கடல் என்றும் அழைப்பர். இவ்வியல்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடகடலும் சீற்றம் கொள்ளும். காற்றின் திசைக்கு ஏற்ப மணல் ஒரு பக்கம் அரிக்கப்பட்டு மறுபக்கம் படிவதால், முனையின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கிறது.

எரிமலைத் தீவா?

வறண்ட மணல்வெளியையும், இராமேசுவரத்தில் நீர்த்தொட்டிகளில் காட்டப்படும் மிதக்கும் கற்களையும் கண்டு, பாம்பன் தீவு எரிமலையால் உருவானது எனச் சிலர் கருதுவதுண்டு. இது சரியன்று. இத்தீவு பவளச் சுண்ணப்பாறை மீதும் கடல் கொண்டு சேர்த்த மணல் மீதும் அமைந்தது. இங்கு எரிமலை எதுவும் இல்லை. இந்தியாவில் இயங்கும் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவில் மட்டுமே உள்ளது.

இறந்த பவளத்தின் கூடு நுண்துளைகள் நிறைந்தது. துளைகளில் காற்று அடைபட்டிருக்கும் துண்டுகள் நீரில் மிதக்கக்கூடும். எரிமலைக் குழம்பு நுரைத்து இறுகுவதால் உண்டாகும் நுரைக்கல்லும் மிதக்கும் இயல்புடையது. அது உள்ளூரில் தோன்றாவிடினும், கடல் நீரோட்டத்தில் நெடுந்தொலைவு மிதந்து வரவல்லது. இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை 1883 ஆம் ஆண்டில் வெடித்தபோது வெளிப்பட்ட நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை சென்றன. எனவே மிதக்கும் கல் ஒன்றைக் கொண்டு அது கிடைத்த இடத்தின் தோற்றத்தை முடிவு செய்ய இயலாது.

நன்னீர்

இருபுறமும் கடல் இருந்தும் தனுஷ்கோடியில் குடிநீர் கிடைக்கிறது. மக்கள் மணலில் சில அடி ஆழத்திற்கு ஊற்றுத் தோண்டி, ஊறும் நீரை அகப்பையால் முகந்து குடத்தில் நிரப்புவர். மணலில் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரை விட அடர்த்தி குறைந்தது. ஆகையால் அது கடல்நீருடன் எளிதில் கலக்காமல் அதன்மேல் மிதக்கிறது. நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல் மட்டத்தை விட 10 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 4 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கக்கூடும். அதாவது விகிதம் 1:40 ஆகும்.

இதே விகிதம் எதிர்த்திசையிலும் செயல்படும். மட்டம் சிறிது தாழ்ந்தாலும் உப்புநீர் பல மடங்கு மேலேறும். நில அகலம் குறைந்த இவ்விடத்தில் நன்னீர்ப் படலம் மெல்லியது. மோட்டார் கொண்டு மிகுதியாக இறைத்தால் ஊற்று உவர்ப்பாகிவிடும். கையால் முகக்கும் பழைய முறை இந்நிலத்திற்கு ஏற்றதாக இருப்பதற்கு இதுவே காரணம். பயணிகளின் தேவைக்காக இந்நீரைச் செலவிடுவது ஊர் மக்களின் குடிநீரைக் குறைப்பதாகும்.

துறைமுகம்

1914 பெப்ரவரி 24 ஆம் நாள் பாம்பன் தொடர்வண்டிப் பாலம் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை தொடர்வண்டியும், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலும், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மீண்டும் தொடர்வண்டியும் இயங்கின. சென்னையிலிருந்து வந்த வண்டி போட் மெயில் எனப் பெயர் பெற்றது. அதற்கு முன்னர் கொழும்பு செல்வோர் தூத்துக்குடி வழியாக நீண்ட கடற்பயணம் மேற்கொள்ள வேண்டியிருந்தது.

இதனால் தனுஷ்கோடியில் தொடர்வண்டி நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, தேவாலயம், கோயில், பயணியர் விடுதிகள் முதலியன அமைந்தன. கட்டடங்கள் பல பவளக் கற்களாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டவை. அக்காலத்தில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி செல்வதே முதன்மைப் பாதையாகவும், இராமேசுவரம் செல்வது கிளைப் பாதையாகவும் இருந்தன.

1964 புயல்

1964 டிசம்பர் 17 அன்று தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கடும்புயலாக வலுப்பெற்றது. டிசம்பர் 22 அன்று அது இலங்கையின் வவுனியாவைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. கடல் ஊருக்குள் புகுந்து கட்டடங்களையும் தண்டவாளத்தையும் துறைமுகத்தையும் அழித்தது.

அன்றிரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட தனுஷ்கோடி பயணிகள் வண்டி, ஊரை நெருங்கும் வேளையில் பேரலையில் மூழ்கியது. அதிலிருந்த 110 பயணிகளும் 5 தொடர்வண்டி ஊழியர்களும் உயிரிழந்ததாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. புயலில் இறந்தோர் எண்ணிக்கை மொத்தம் ஏறத்தாழ 1,800 என மதிப்பிடப்படுகிறது.

பாம்பன் பாலத்தின் 145 இரும்பு விட்டங்களில் 126 அடித்துச் செல்லப்பட்டன. இளம் பொறியாளராக இருந்த இ. சிறீதரன் பொறுப்பேற்று, 46 நாட்களில் பாலத்தைச் சீரமைத்தார். ஆயினும் தனுஷ்கோடிக்கான பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. அரசு இவ்வூரை மக்கள் வாழத் தகுதியற்றது என அறிவித்தது. இலங்கைக்கான கப்பல் பின்னர் இராமேசுவரத்திலிருந்து இயங்கி, இலங்கை உள்நாட்டுப் போரின் காரணமாக 1980களில் நின்றது.

இன்றைய குடியிருப்பு

புயலுக்குப் பின்னர் மீனவர்கள் சிறிது சிறிதாகத் திரும்பி வந்து, தென்னங்கீற்றும் பனையோலையும் கொண்டு குடிசைகள் அமைத்தனர். கம்பிப்பாடு முதலிய இடங்களில் அவர்களது குடியிருப்புகள் உள்ளன. கரைவலை இழுத்தலும் நாட்டுப்படகு மீன்பிடிப்பும் முதன்மைத் தொழில்கள். சுற்றுலா வளர்ந்த பின்னர், பயணிகளுக்குப் பொரித்த மீனும் சிப்பிப் பொருட்களும் விற்பது சில குடும்பங்களுக்குத் துணை வருவாயாகியுள்ளது. வாழத் தகுதியற்றது என்னும் அறிவிப்பு நெடுங்காலம் நீடித்ததால், மின்சாரம், மருத்துவம் போன்ற அடிப்படை வசதிகள் இம்மக்களை மிகத் தாமதமாகவே வந்தடைந்தன. சில முழுமையாக வந்து சேரவில்லை.

செல்லும் வழி

மண்டபத்திலிருந்து பாம்பன் தீவுக்குச் செல்லும் சாலைப் பாலம் 1988 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பழைய தொடர்வண்டிப் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதற்கு மாற்றாகக் கட்டப்பட்ட செங்குத்தாக உயரும் நடுப்பகுதி கொண்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. தொடர்வண்டிகள் இராமேசுவரம் வரை மட்டுமே செல்கின்றன.

2017 ஆம் ஆண்டுக்கு முன்னர் முகுந்தராயர் சத்திரத்துடன் சாலை முடிவுற்றது. அதற்கு அப்பால் உள்ளூர் ஓட்டுநர்களின் வேன்களும் ஜீப்புகளும் மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் பயணிகளை ஏற்றிச் சென்றன. பலர் நடந்தும் சென்றனர். 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரம் முதல் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் நீளத் தார்ச்சாலை திறக்கப்பட்டது. தற்போது இராமேசுவரத்திலிருந்து பேருந்து, தானி, மகிழுந்து ஆகியவற்றில் முனை வரை செல்லலாம்.

காணத்தக்கவை

கோதண்டராமசாமி கோயில்: இராமேசுவரத்திலிருந்து செல்லும் வழியில் உள்ளது. விபீடணன் இராமனிடம் அடைக்கலம் புகுந்த இடம் எனக் கருதப்படுகிறது. 1964 புயலில் அழியாமல் நின்றது.

பழைய தனுஷ்கோடி: தேவாலயத்தின் சுவர்கள், தொடர்வண்டி நிலையத்தின் எச்சங்கள், நீர்த்தொட்டியின் தூண்கள் ஆகியன காணப்படுகின்றன.

அரிச்சல்முனை: இரு கடல்களும் சந்திக்கும் இடம். சாலையின் முடிவில் அசோகச் சின்னம் தாங்கிய தூண் உள்ளது.

பறவைகள்: குளிர்காலத்தில் பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் ஆழமற்ற நீர்ப்பகுதிகளுக்கு வருகின்றன. 2025 ஜூன் மாதத்தில் தனுஷ்கோடி பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

பயணிகள் கவனத்திற்கு

அரிச்சல்முனையில் நீராடுவது ஆபத்தானது. இரு கடல்களின் நீரோட்டங்கள் சந்திப்பதாலும் மணற்கரை திடீரெனச் சரிந்து ஆழமாவதாலும், நீந்தத் தெரிந்தவரும் இழுத்துச் செல்லப்படுவர். பெண்கடல் என்னும் பெயரை நம்பி வடகடலில் இறங்குவதும் பாதுகாப்பானதன்று. சேதுவில் நீராட விரும்பும் யாத்திரிகர்கள் கரையோரத்திலேயே நீரை முகந்து தலையில் ஊற்றிக் கொள்ளலாம்.

இங்குத் தங்கும் விடுதிகள் இல்லை. மாலைக்குப் பின்னர் பயணிகள் இருக்க அனுமதிக்கப்படுவதில்லை. நிழல் தரும் மரங்கள் மிகக் குறைவு என்பதால், நண்பகலைத் தவிர்த்துக் காலையில் செல்வது நன்று. குடிநீரை இராமேசுவரத்திலிருந்தே கொண்டு செல்ல வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கைகளைக் கவனித்துப் பயணத்தைத் திட்டமிடுதல் வேண்டும்.

பவளங்கள் 2001 ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைச் சேகரிப்பதும் வாங்குவதும் குற்றமாகும். மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் என்பதால் கடற்கரையில் வாகனம் ஓட்டுதல் கூடாது. பவளக் கல் சுவர்கள் உப்புக்காற்றில் ஏற்கெனவே உதிர்ந்து வருகின்றன. அவற்றின் மீது ஏறுவதும் பெயர் பொறிப்பதும் எஞ்சியவற்றின் அழிவை விரைவுபடுத்தும்.